உருதுவில் ஒரு மணியார்டர் பாரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடு ஒன்றாக இருக்க வேண்டுமானால் ஆட்சிமொழியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் கிராமத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்ததும் எனக்கு ஒரு மணியார்டர் பாரம்தான் நினைவுக்கு வந்தது.

1948 பிப்ரவரி. பாகிஸ்தான் பிறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கராச்சியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில், அன்று பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியாக இருந்த கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்கதேசம்) உள்ள கொமில்லாவைச் சேர்ந்த உறுப்பினர் திரேந்திரநாத் தத்தா எழுந்து ஓர் ஏழை விவசாயியைப் பற்றிப் பேசினார். டாக்காவில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப அவர் தபால் நிலையம் போகிறார். பாரம் உருதுவில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தொலைவில் உள்ள நகரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. தத்தா கேட்டது, சபையில் உருது, ஆங்கிலத்தோடு வங்காளமும் இருக்கட்டும் என்பதுதான். வங்காளம் மட்டும் என்று கேட்கவில்லை. நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பேசிய மொழிக்கு அந்த 'உம்'மைக்கூடத் தர மனம் வரவில்லை. முஸ்லிம் நாட்டுக்கு முஸ்லிம்களின் மொழிதான் வேண்டும் என்று பிரதமர் லியாகத் அலி கான் மறுத்துவிட்டார். கிழக்கு வங்காளத்தில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தானே!

அடுத்த மாதமே ஜின்னா டாக்காவுக்குப் போய், அரசு மொழி உருது மட்டுமே என்று அறிவித்தார். அப்புறம் 1952 பிப்ரவரி 21 அன்று, டாக்காவில் போராடிய மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. 1956 அரசமைப்பில் வங்காளத்தையும் சேர்த்தார்கள். அதற்குள் மனம் விட்டுப்போயிருந்தது. 1971இல் நாடு பிரிந்ததற்கு மொழி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. கிழக்கின் சணல் வருமானம் மேற்குப் பாகிஸ்தானுக்குப் போனது, தேர்தலில் வென்றவர்களுக்கு ஆட்சியைத் தராதது எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் முதல் விரிசல் மொழியில்தான் விழுந்தது.

அந்த 1971 மார்ச்சில், 84 வயது தத்தாவையும் அவர் மகனையும் பாகிஸ்தான் ராணுவம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. இருவரும் திரும்பி வரவில்லை.

பாரத்தை நீட்டி, "நீங்களே எழுதிடுங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பள்ளிக்கூடம் போக வழியில்லாதவர்கள். சொந்த மொழியில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவரையும் அப்படிக் கொண்டுவந்து நிறுத்தினால், அவருக்கு இந்த நாடு தன்னுடையது என்று எப்படித் தோன்றும்? கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
மன்னார்குடி.