முதலில் மரம், அப்புறம் பாய்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. படகைச் சீரமைத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது.

வலப்பக்கக் காற்றில் நன்றாக ஓடுகிறது, இடப்பக்கக் காற்றுக்குத் திருப்பினால் சுணங்குகிறது என்கிறாய். அதற்காகப் புதுப் பாய்க்குச் சொல்லிவிடாதே. பாய் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே! பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்.

காற்றில்லாத காலையில், படகைக் கட்டிவைத்தபடியே செய். பெரிய பாயை மேலே ஏற்றும் கயிறான மெயின் ஹேல்யார்டில் இரும்பு அளவு டேப்பைக் கட்டி மர உச்சிக்கு ஏற்று. மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் படகில் மாட்டியிருக்கும் தகடுதான் செயின்பிளேட்; இரண்டு பக்கத்துச் செயின்பிளேட்டிலும் ஒரே புள்ளிக்கு அளந்து பார். அளவு வித்தியாசப்பட்டால், நீளம் குறைந்த பக்கத்து டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) அரைச்சுற்று தளர்த்து, எதிர்ப்பக்கத்தை அரைச்சுற்று இறுக்கு, மறுபடி அள. மரைக்கு கிரீஸ் போடாமல் திருகாதே. துருப்பிடிக்காத எஃகு எஃகோடு உரசினால் மரை கவ்விக்கொள்ளும்; அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

அடுத்து கம்பிகளின் இழுவிசை. மர உச்சிக்குப் போகும் பக்கக் கம்பியான கேப் ஷ்ரவுட்டைக் கையால் இறுகும்வரை மட்டும் திருகு. 2 மீட்டர் அளவுகோலின் மேல்நுனியை அந்தக் கம்பியோடு ஒட்டும் டேப் சுற்றி ஒட்டு. கீழ்நுனி கம்பியின் அடிமுனைப் பிடியைத் தொட்டு நிற்கட்டும். இனி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகத் திருக, கம்பி நீண்டு கீழே இடைவெளி விழும். 19 இழைக் கம்பியில் 1 மி.மீ. இடைவெளி என்றால் அறுபடும் சுமையில் 5 சதவீதம். கம்பி தடிமன் எதுவானாலும் இதே கணக்கு. உன்னுடையதில் முன்ஸ்டே (முன்பக்கத் தாங்குகம்பி) மர உச்சிவரை போவதால் 3 மி.மீ., அதாவது 15 சதவீதம், போதும். மரத்தின் நடுவரை போகும் லோயர் ஷ்ரவுட்டை இதைவிடத் தளர்வாக வை. மரத்தடியில் கன்னம் வைத்துப் பாயின் விளிம்பு நுழையும் பள்ளமான பாய்க்குழியை அண்ணாந்து பார். கோடு போட்டதுபோல் நேராகத் தெரியணும்.

பிறகு 12, 15 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகக் காற்றில் ஓட்டிப் பார். உச்சி காற்றுமறைவுப் பக்கம் சரிந்தால் கேப் தளர்ச்சி. நடுமரம் அந்தப் பக்கம் பிதுங்கினால் லோயர் தளர்ச்சி. சுமை ஏறிய பக்கத்தைத் தொடாதே. தொய்ந்த பக்கத்தை எண்ணித் திருகு, படகைத் திருப்பி மறுபக்கமும் அதே எண்ணிக்கை திருகு. முடிந்ததும் டர்ன்பக்கிளில் பூட்டு ஊசி போட்டுப் பூட்ட மறக்காதே. ஊசி இல்லாத டர்ன்பக்கிள் படகு ஆடுகிற ஆட்டத்தில் தானாகக் கழன்றுவிடும், மரமே போய்விடும்.

மரம் நேரானபிறகுதான் பாய். முன்பாயான ஜிப்பின் முன்விளிம்பில் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் கம்பளி நூல் ஒட்டு. காற்று வரும் பக்கத்து மேல்நூல் முதலில் துள்ளினால், பாயின் மேற்பாதி அளவுக்கு மீறி முறுக்கித் திறந்திருக்கிறது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான ஷீட் போகும் கப்பியை ஒரு துளை முன்னே தள்ளு. கீழ்நூல் முதலில் துள்ளினால் பின்னே இழு. மறைவுப் பக்கத்து நூல் தொங்கிச் சுழன்றால் ஷீட்டைக் கொஞ்சம் விடு. பெரிய பாயான மெயினில் முன்விளிம்பை ஒட்டிக் கிடைச்சுருக்கம் தெரிந்தால் ஹேல்யார்ட் இறுக்கம் போதவில்லை. செங்குத்து மடிப்பு விழுந்தால் கூடிவிட்டது.

டேப்பில் வந்த இரண்டு பக்க அளவையும் எழுதி அனுப்பு. எத்தனை மி.மீ. வித்தியாசம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி