‘சிக்னல் போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளின் தொழில்நுட்ப விழாக்களில் ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவது வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் தாங்களே ஃபோம் ஷீட் வெட்டி, சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) பொருத்தி ஒரு விமானத்தை மேலே ஏற்றுவது மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் விமானம் விழுந்தால் மட்டும் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: “சிக்னல் போய்விட்டது.” இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை அலைவரிசை மாறி மாறித் தாவி இயங்குபவை. பக்கத்தில் இன்னொருவர் ரிமோட்டை ஆன் செய்ததால் விமானம் விழுந்த காலம் மலையேறிவிட்டது. இன்று விழுபவற்றில் பல, தரையில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் விழுந்திருக்காது.

இது விளையாட்டுப் பொருள்தானே என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். 2 கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் 625 ஜூல். அதே எடையைப் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து போட்டால் அடி எவ்வளவு பலமாக இருக்குமோ அவ்வளவு. 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றினால் அதன் முனை மணிக்கு 475 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், தான் இயக்கிய பெரிய மாதிரி ஹெலிகாப்டரின் விசிறி தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் இந்தப் பொழுதுபோக்கில் நன்கு தேர்ந்தவர்.

முதல் பறப்பிலேயே விழும் விமானங்களில் அதிகம் காணப்படும் கோளாறு எடைமையம் (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி), அதாவது சி.ஜி. இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடைப்பட்ட தூரம், 24 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 6 முதல் 8 செ.மீ.க்குள் சி.ஜி. இருக்க வேண்டும். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, அந்தக் கோட்டில் இரு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். மூக்கு சற்றே கவிழ்ந்து நின்றால் நல்லது. வால் கனத்துத் தொங்கினால் பறக்கவிடவே கூடாது. மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான்; வால் கனத்தது தரையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். பேட்டரியை வெல்க்ரோவில் மட்டும் ஒட்டாமல் மேலே பட்டை போட்டு இறுக்குவதும் இதற்காகத்தான். லூப் (செங்குத்து வட்டம்) அடிக்கும்போது பேட்டரி 3 செ.மீ. பின்னால் நகர்ந்தாலே சி.ஜி. மாறிவிடும்.

அடுத்தது எயிலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையின் திசை. விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எயிலரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் குழப்பம்தான் வரும். ரிமோட்டில் வேறொரு விமானத்தின் மாடல் மெமரி (சேமித்துவைத்த அமைப்பு) தேர்வாகியிருந்தாலும் திசை தலைகீழாகிவிடும். தரையை விட்ட இரண்டாவது நொடியில் கவிழ்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

உண்மையிலேயே கட்டுப்பாடு அறுந்துபோவதும் உண்டு. ஆனால் அப்போதும் கோளாறு பெரும்பாலும் ரேடியோ அலையில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுப்பது, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பெக் (பேட்டரி வோல்டேஜைக் குறைத்துத் தரும் பகுதி). விலை குறைந்த ஈ.எஸ்.சி.களில் இருப்பது லீனியர் வகை. மிச்ச வோல்டேஜை வெப்பமாகவே கழிக்கும். 11.1 வோல்ட் 3எஸ் (மூன்று செல்) பேட்டரியில் சர்வோக்கள் 2 ஆம்பியர் இழுத்தால், கட்டைவிரல் அளவு சிப்பில் 12 வாட் வெப்பம் சேர்கிறது. அது சூடேறி வோல்டேஜ் சரிந்ததும் ரிசீவர் அணைந்து மறுபடி எழுகிறது. அந்த ஓரிரு நொடியில் விமானம் யார் பேச்சையும் கேட்காது. நான்கு சர்வோக்களுக்கு மேல் இருந்தாலோ, 4எஸ் பேட்டரி போட்டாலோ, தனியாக 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பெக் வைத்துவிடுங்கள். ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் குழாயை ஒட்டாமல் இருக்கட்டும். பிறகு ரிமோட்டை ரேஞ்ச் செக் நிலையில் (சிக்னலின் வலுவைக் குறைத்துச் சோதிக்கும் நிலை) வைத்து 30 எட்டு நடந்து போங்கள். விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டார் அணைந்த நிலையிலும் ஓடும் நிலையிலும் எல்லா சர்வோக்களும் தடங்கலின்றி அசைகின்றனவா என்று பாருங்கள்.

ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) அமைத்திருக்கிறோம் என்று மாணவர்கள் சொல்வார்கள், சோதித்திருக்க மாட்டார்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத விமானம் மைதானத்துக்கே வரக்கூடாது.

ஓட்டுபவரின் கையால் நேரும் விபத்துகளில் முதலிடம் தாழ்வான உயரத்தில் அதிகமாகச் சாய்த்துத் திருப்புவதற்கு. 45 டிகிரி சாய்வில், உயரம் குறையாமல் திருப்பினால், ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும் வேகம்) 19 சதவீதம் கூடுகிறது. 60 டிகிரியில் 41 சதவீதம். காற்றோடு வரும் விமானம் தரையிலிருந்து ஓட்டுபவருக்கு வேகமாகத் தெரியும், த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைத்துவிடுவார், திரும்பும்போது உள்பக்க இறக்கை முறிந்ததுபோல் கவிழும். ஏறும்போது மோட்டார் நின்றுவிட்டால் ரன்வேக்குத் திரும்ப முயலாமல் நேராக முன்னால் இறக்குவதே பாதுகாப்பு. செடியில் மாட்டினால் மாட்டட்டும்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மேடைப் பேச்சு எல்லாம் முடிந்து, மதிய உணவுக்குப் பிறகு பறக்கவிடச் சொல்கிறீர்கள். சென்னையில் கடற்காற்று உள்ளே புகும் நேரம் அது. கோவையிலோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடாது. பறப்பை காலை 6 மணிக்கு வையுங்கள், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே பக்கம், ஓட்டுபவருக்குக் குறைந்தது 30 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். விமானம் எப்போதும் ஓட்டுபவருக்கு முன்னால்தான். செல்போனில் படமெடுக்க ரன்வே ஓரம் நிற்பவர் ஒருவர் இருந்தாலும் பறக்கவிட மறுக்கும் அதிகாரம், ஓட்டாத ஒருவரிடம் இருக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. 2021 டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மிகாத, கண்பார்வைக்குள் கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் இயக்கப்படும் மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து (அந்த மாடலுக்கான அரசு ஒப்புதல்) விலக்கு அளிக்கின்றன. வான்வெளிக் கட்டுப்பாட்டிலிருந்து அல்ல. பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடி வரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையிலான பகுதியில் 200 அடி வரை பறக்கலாம். அதற்கும் நெருங்கினால் அனுமதி வேண்டும். மீனம்பாக்கம், தாம்பரம், பீளமேடு, சூலூர் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் மைதானத்தைத் தேர்வு செய்யக் கூடாது.

விமானம் விழுந்துவிட்டால் கூட்டமாக ஓட வேண்டாம். ரிமோட் ஆன் நிலையிலேயே, த்ராட்டில் கட் (மோட்டார் ஓடாமல் தடுக்கும் சுவிட்ச்) போட்டபடி ஒருவர் கையில் இருக்கட்டும். இன்னொருவர் மட்டும் போய், புரொப்பெல்லருக்குப் பின்பக்கமாக அணுகி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடிபட்ட லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அரை மணி நேரம் கழித்துக்கூட உப்பித் தீப்பிடிக்கலாம். அதை பைக்குள்ளோ காருக்குள்ளோ வைக்காமல், மைதானத்தில் திறந்த இடத்தில் ஒரு வாளி மணலில் வைத்துக் கண்காணியுங்கள். உறை நசுங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

இப்படிக்கு,
மாதிரி விமானப் பயிற்சியாளர்கள்,
கோவை.