துணை சுகாதார நிலையக் கூடத்துக்கு இன்னும் ரூ. 1,15,500 வேண்டும்

அன்புள்ள ஊர்ப் பெருமக்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று வெளியூர் போய்ப் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டுமானக் குழுவின் வணக்கம். அய்யனார் அருளால் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். துணை சுகாதார நிலையத்தை ஒட்டி, பிரஷர் பார்க்க வருகிறவர்கள் உட்கார 360 சதுர அடியில் ஒரு கூடம் கட்ட, நமக்கு நாமே திட்டத்தில் மனு கொடுத்திருந்தோம். மதிப்பீடு 9,00,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். நம் பங்கு 3,00,000. கையில் இருப்பது 1,84,500. அக்டோபர் 10-க்குள் முழுத்தொகையும் கட்டாவிட்டால் கோப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டும் சிமெண்ட் இதே விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நாங்களும் பேசாமல் இருந்துவிடுவோம்.

"பிரஷர் மாத்திரைதான் வீட்டுக்கே வருகிறதே, கூடம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து நம் தெருவுக்கும் மாத்திரை வருகிறது. அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருதே கொடுத்தார்கள். குறை மாத்திரையில் இல்லை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்தான் இருக்கிறது.

பிரஷர் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பு டீயோ பீடியோ கூடாது. கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தாலும் அளவு ஏறிக் காட்டும். இப்போது நம் நிலையத்தில் நடப்பது என்ன? வெள்ளிக்கிழமை வந்தால் நாற்பது பேர் வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள். உள்ளே தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகள் அலறுகின்றன. முறை வந்ததும் முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து, மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டுகிறோம். நர்ஸம்மா 160 என்று எழுதுகிறார். அது உண்மையா, வெயிலும் கோபமும் ஏற்றியதா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த ஐந்து நிமிடம் உட்காரத்தான் இந்தக் கூடம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஏழை நாடுகளில் நிலைமை இன்னும் மோசம். மருந்தோ விலை மலிவான அம்லோடிபின் போன்றதுதான். 2017 இறுதியில் பஞ்சாப், கேரளா உட்பட ஐந்து மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி எளிய மருந்து முறை, தீராத கையிருப்பு, நர்ஸே கவனித்துக்கொள்வது, வராதவரைக் கூப்பிட்டு விசாரிப்பது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களைவிட வீட்டுக்குப் பக்கத்து நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. கூடம் எழும்பினால் மாதம் ஒரு நாள் இங்கேயே வந்து பார்ப்பதாக ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

போன மாசியில் கீழத்தெருவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 46 வயசுக் கொத்தனார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். காலையில் கரண்டி கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள், வலது கை திரும்பவில்லை. வீட்டில் நின்ற ஏழு ஆடும் விற்றாயிற்று. பெண்ணின் கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கிறது. பிரஷர் சொல்லிவிட்டு வராது. அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

இந்த நிலையம் நமக்குச் சும்மா வந்ததில்லை. 1981-இல் நான்கு ஊர்கள் இதைக் கேட்டன. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் பன்னிரண்டு சென்ட் நிலத்தை, அதுவும் ரோட்டு முகப்பில், எழுதிக் கொடுத்ததால் நமக்குக் கிடைத்தது. வெள்ளாற்று மணலை மாட்டு வண்டிகள் இரவு முழுக்க அடித்தன. செங்கல்லைப் பெண்கள் தலையில் சுமந்தார்கள், நிறைமாதத்தில் ஒருத்தி சுமந்ததாகவும் சொல்வார்கள். அதற்கு முன்னால் பிரசவ வலி வந்தால் அறந்தாங்கிக்கு வண்டி கட்ட வேண்டும், வழியிலேயே பிறந்தவர்கள் இரண்டு பேர் இன்று நம் குழுவிலேயே இருக்கிறார்கள். கட்டடம் முடிந்த அன்று அம்மனுக்குப் பொங்கல் வைத்து, முதல் படியை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்களிடம் இதைக் கேட்டால் பொழுது போய்விடும், இத்தோடு நிறுத்துகிறோம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகள் ஓவர்டைம் பார்த்து 45,000 அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா ஓய்வூதியத்திலிருந்து 25,000 கொடுத்து, ரசீதுகூட வேண்டாம் என்றார், நாங்கள்தான் வற்புறுத்திக் கொடுத்தோம். ஆறு மகளிர் குழுக்களும் சேர்ந்து 30,000. திருப்பூர் பனியன் கம்பெனிப் பிள்ளைகள் 22,500. ஆடித் திருவிழா மிச்சம் 20,200-ஐக் கோயில் கணக்கிலிருந்து மாற்றிக் கொடுக்க ஊர்க்கூட்டம் ஒருமனதாகச் சம்மதித்தது. ஆத்தாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார் ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தார்கள், 11,800 ரூபாய். அந்த நோட்டுகளை எண்ணும்போது பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு வசூலில் 118 வீடுகள் 30,000 கொடுத்தன. அவர்கள் குலம் தழைக்கட்டும்.

ஊரில் 312 வீடுகள். அப்புறம் கணக்கை நீங்களே போடுங்கள். மீதி 194 வீடும் வீட்டுக்கு 600 ரூபாய் போட்டால் முடிந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாலே மாதத்தில் 41 லட்சம் சேர்த்த ஊர் இது. அதில் யாரும் குறை சொல்லவில்லை, கோபுரம் நமக்குப் பெருமைதான். ஆனால் மகனுக்குக் காதுகுத்து பேனர் வைக்க 8,000 செலவழித்த வீட்டில் எங்கள் வசூல் நோட்டைப் பார்த்ததும் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். மூன்று அடுத்த வாரங்கள் போய்விட்டன. பெயரைச் சொல்ல மாட்டோம். அவர்கள் வீட்டிலும் இரண்டு பேர் அந்த வேப்ப மரத்தடியில் நிற்கிறவர்கள்தான்.

கல்வெட்டில் பெயர் வருமா என்று கேட்பவர்களுக்கு: 5,000-க்கு மேல் கொடுப்பவர்கள் பெயர் வரும். குழுவில் பாதிப் பேருக்கு இதில் இஷ்டமில்லை, ஆனாலும் வரும்.

கட்டடத்தோடு வேலை முடியாது. சாய்வு நாற்காலி இருபதுக்கு 18,000, இரண்டு பிரஷர் கருவியும் மூன்று அளவுப் பட்டையும் 9,000, மேசை, பீரோ 12,000, பதிவேட்டுக்கும் கருவியை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கவும் 3,000. ஆக 42,000. இது அரசு மதிப்பீட்டில் சேராது, தைப் பொங்கலுக்குள் கொடுத்தால் போதும். பணமாக முடியாதவர்கள் நாற்காலியாகவே வாங்கித் தரலாம், கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும், முழங்கால் வலிக்காரர்கள் பிடித்து எழ வசதி.

ஞாயிறுதோறும் காலை 7 முதல் 10 வரை அம்மன் கோயில் மண்டபத்தில் குழு உட்கார்ந்திருக்கும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், குழுத் தலைவரே வந்து கேட்டாலும் சரி. வங்கிக் கணக்கு எண் ரசீதின் பின்புறம் இருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதக் கடைசியில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். அக்டோபர் 9 மாலை ஐந்து மணிக்குக் கணக்கை முடித்து, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பணம் கட்டக் கிளம்புகிறோம்.

இப்படிக்கு,
துணை சுகாதார நிலையக் கட்டுமானக் குழுவினர்