நயாகராவை விட எனக்கு அந்தச் சேறுதான்

சின்னப்பாலம், பாம்பன்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ, மருமகள், பாப்பா மூவரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்றால் கேட்கிறார், ஆனால் விடிந்ததும் கரைக்குப் போய் நின்றுவிடுகிறார்.

அடுத்த தடவை எங்கே கூட்டிப் போகட்டும், ராக்கி மலையா, அமெரிக்காவில் இருக்கிற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கா என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொல்ல முடியாது தம்பி. நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பாய், அப்பா பாதியில் போனை வாங்கிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். இதில் பாப்பா விஷயமாக ஒன்று சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

கனடாவில் உன் வீட்டிலிருந்து இங்கே வந்து இறங்கியதிலிருந்து எல்லாரும் கேட்பது நயாகராவைத்தான். பார்த்தேன், பெரிசாக இருந்தது, நனைந்தோம் என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லை. குதிரை லாடம் போல வளைந்திருக்கிற அந்தப் பெரிய அருவி 57 மீட்டர் உயரம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. கனடாப் பக்கத்தில் நாம் ஏறிய படகில் எல்லாருக்கும் சிவப்பு மழைக்கோட்டு, எதிரே அமெரிக்கப் படகில் எல்லாருக்கும் நீலம். அத்தனை பேரும் அருவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது உங்கள் அப்பா மட்டும் படகு ஓட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த இழுப்பில் அணியத்தை இம்மி திரும்பவிடாமல் பிடிச்சிருக்கான் பாரு" என்று என் காதில் சொன்னார். அணியம் என்றால் படகின் முன்பக்கம், உனக்கு மறந்திருக்கும். அவர் பார்த்த நயாகரா அதுதான். ராத்திரியானால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து மின்சாரம் எடுக்கத் திருப்பிவிடுகிறார்கள், அதற்கு 1950இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்று நீ சொன்னாயே, அதற்கப்புறம் அவருக்கு அருவி மேல் இருந்த மரியாதையும் பாதியாகிவிட்டது.

என் மனசில் நிற்பது உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடல்தான். ஃபண்டி வளைகுடா. அங்கே கூட்டிப் போனபோது நீயே கொஞ்சம் தயங்கினாய். "வெறும் பாறையும் சேறும்தான்மா, சும்மா ஒரு நடை போய் வரலாம்" என்றாய். நீ ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் படித்த பிள்ளை. கடல் வற்றுகிற வற்றமும் ஏறுகிற பெருக்கும் பார்த்து நீ கடலில் இறங்கியது கிடையாது. நான் பல வருஷம் கடல்பாசி எடுத்தவள். அமாவாசையும் பௌர்ணமியும் எங்களுக்குக் காலண்டரில் பார்க்கிற நாள் இல்லை, வேலைக்குப் போகிற நாள். தண்ணீர் நன்றாக வற்றினால்தான் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், கால் ஊன்றி நிற்க முடியும், மூச்சுப் பிடித்து முங்குகிற ஆழமும் குறையும். வற்றமும் பெருக்கும் நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளித் தள்ளிப் போகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த ஊரிலும் அதே கணக்குத்தான். பேருந்து நேரம் மாதிரி அச்சடித்துத் தொங்கவிட்டிருந்த வற்றம் பெருக்கு அட்டவணையை நீ வாசித்துக் காட்டியபோது முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் ஐம்பது நிமிஷம் வித்தியாசம் வந்ததா இல்லையா?

ஆனால் அளவு வேறே. நம் பாம்பனில் பெருக்குக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் கூட வராது. தரை சமமாக இருப்பதால்தான் கடல் உள்வாங்கிவிட்டது என்று டிவிக்காரர்கள் வந்து படம் பிடிக்கிற அளவுக்குத் தூரம் தெரிகிறது. ஃபண்டியில் ஒரு மூலையில், பர்ன்ட்கோட் ஹெட் என்ற இடத்தில், 16 மீட்டர் வரைக்கும் ஏறுமாம். உலகத்திலேயே அதுதான் அதிகம். ஏன் அப்படி என்று நான் கேட்டதற்கு நீ போனைப் பார்த்து என்னவோ சொன்னாய், எனக்குப் புரியவில்லை. மருமகள் சொன்னதுதான் புரிந்தது. அண்டா நிறையத் தண்ணீரை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது, நடைக்கும் தண்ணீரின் ஆட்டத்துக்கும் தாளம் சேர்ந்துவிட்டால் விளிம்பு தாண்டிக் கொட்டும் இல்லையா, அதுதானாம். அந்த வளைகுடாவில் தண்ணீர் ஒரு தடவை உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் ஆகும். வெளிக்கடலில் பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் நடுவே பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. போதாக்குறைக்கு உள்ளே போகப் போகக் கடல் ஒடுங்கிக்கொண்டும் ஆழம் குறைந்துகொண்டும் போகிறது. தண்ணீர் வேறு எங்கே போகும், மேலேதான் ஏற வேண்டும்.

அந்த வளைகுடாக் கரையில் ஹோப்வெல் பாறைகளுக்குக் கீழே படி இறங்கிப் போனோமே, அன்றைக்கு நான் ரொம்ப நேரம் பேசாமல் நின்றதைப் பார்த்து அம்மாவுக்குக் கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாய். நான் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் நிறத்தில், கூழாங்கல் புதைந்த பாறை, அடியில் அரிக்கப்பட்டு ஒல்லியாக, உச்சியில் மரம் வளர்ந்து நிற்கிறது. எல்லாரும் அந்த மரத்தைத்தான் படம் எடுத்தார்கள். பாறையின் கீழ்ப்பக்கம் பூராவும் கரும்பச்சைப் பாசி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நம் கட்டக்கோரைப் பாசியில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ் இருக்கும் இல்லையா, அதே மாதிரி குமிழ், இன்னும் பெரிசாக. ஒன்றை விரலில் வைத்து அழுத்தினேன், டப்பென்று வெடித்தது. தொட்டால் அதே வழுவழுப்பு, மோந்து பார்த்தால் அதே வாடை. அப்புறம் அந்தப் பாசி எதுவரைக்கும் போகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே, நீ கை தூக்கினாலும் எட்டாத உயரத்துக்கும் மேலே போய் முடிந்தது. பாசி இருக்கிற இடமெல்லாம் தண்ணீர் வந்து போகிற இடம்தானே? நான் நிற்பது கடலுக்கு அடியில் என்று அப்போதுதான் உறைத்தது. வயிற்றைக் கலக்கியது தம்பி. பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, அந்தக் கோடு ஒன்றே போதுமாக இருந்தது.

சாயங்காலம் அதே இடத்தில் மேலே நின்று பார்த்தால் பாறையில் பாதி காணோம், நாம் நடந்த சந்தில் பிள்ளைகள் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். அங்கே யானை மாதிரி இருந்த பாறை ஒன்று 2016 மார்ச் மாதம் பாதி இடிந்து விழுந்துவிட்டது என்று சொன்னாய். எனக்கு நம் பக்கத்துத் தீவுகள் ஞாபகம் வந்தன. மன்னார் வளைகுடாவில் இருபத்தொன்று என்று பள்ளிக்கூடத்தில் நீ எழுதுவாயே, அதில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்கு அடியில். அங்கே பாறையைக் கடல் தின்றது. இங்கே பவளக்கல்லை நாமே வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தோம்.

அதே கரையில் ஆல்மா என்ற ஊரில் சிங்கி இறால் சாப்பிட்டதை விடப் படகுகளைப் பார்த்ததுதான் அப்பாவுக்குப் பிடித்தது. அவ்வளவு பெரிய படகெல்லாம் மேடைக்குக் கீழே தரைதட்டி உட்கார்ந்திருக்கிறது. நாம் வல்லத்தைத் தோள் கொடுத்துத் தள்ளிக் கரையேற்றுகிறோம், இவர்களுக்குக் கடலே இறக்கி வைத்துத் தூக்கியும் விடுகிறது என்று இன்றைக்கும் கரையில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் நம்புவதில்லை.

பறவைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாப்பா கோபித்துக்கொள்வாள். ஆகஸ்டில் சேற்றுக்கரைக்குக் கூட்டிப் போனாயே, அங்கே வந்தது உள்ளான்தான். நம் தனுஷ்கோடிப் பக்கம் மழைக்காலத்துக்கு வருகிற சின்ன உள்ளான் மாதிரியே இருந்தது. வடக்கே பனிப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வந்து, அந்தச் சேற்றில் ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத கூனிப் பூச்சியைத் தின்று, சில வாரத்தில் எடை இரண்டு மடங்காகி, அப்புறம் கடல் மேல் நிற்காமல் பறந்து தென் அமெரிக்காவுக்குப் போகிறதாம். உள்ளங்கையில் அடங்குகிற உயிர்! தண்ணீர் ஏற ஏற மிச்சமிருந்த கரைத் துண்டில் கல்லுக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆயிரக்கணக்கில் ஒண்டி நின்றன. பிறகு ஏதோ பருந்தைக் கண்டு மொத்தமாக எழுந்து திரும்பியபோது வயிற்றுப் பக்க வெள்ளை ஒரே வீச்சில் பளிச்சென்றது. பக்கத்தில் போகாதீர்கள், கலைத்தால் தின்ற சத்தெல்லாம் வீணாகிவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது பாப்பா விஷயம். அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாறைக்கும் சேற்றுக்கும் நீ மட்டும் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு மீட்டர் ஏறுகிற தண்ணீர் என்றால் மணிக்கு இரண்டு மீட்டர், நடுவில் இன்னும் வேகம். நீ முன்னால் இருக்கிற கடலையே பார்த்துக்கொண்டு நிற்பாய். தண்ணீர் முன்னாலிருந்து வராது தம்பி. பக்கத்து ஓடையில், பள்ளத்தில் முதலில் ஏறும். நீ திரும்பிப் போக வேண்டிய வழிதான் முதலில் அடைபடும். பாரில் நின்று பாசி எடுக்கும்போது எங்களில் யாராவது ஒருத்தி கரைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வற்றி முடிவதற்கு முன்னாலேயே இறங்கு, திரும்ப ஏற ஆரம்பித்ததும் நடையைக் கட்டு. படம் எடுக்கிற வேலையை மேலே வந்து வைத்துக்கொள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். செயின்ட் ஜான் ஊரில் ஆறு பின்னோக்கி ஓடும் என்று ஒரு பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். வற்றத்தில் ஆறு கடலுக்குப் பாய்கிறது, பெருக்கில் கடல் ஆற்றை விட உயர்ந்து உள்ளே தள்ளுகிறது, நடுவில் இருபது நிமிஷம் போலத்தான் தண்ணீர் சும்மா நிற்கும், அந்த இடைவெளியில்தான் படகுகள் கடக்கும் என்றாய். நம் பாம்பன் பாலத்துக்குக் கீழேயும் தென்மேற்குக் காற்றடிக்கிற கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே என்று நீரோட்டம் திரும்புகிறது. இங்கே அதற்குப் பாதி வருஷம் ஆகிறது. அங்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம். ஆனால் அன்றைக்கு நாம் மதியத்தில் ஒரு பக்கம் ஓடுவதை மட்டும் பார்த்துவிட்டு, கடைகளைச் சுற்றப் போய்விட்டோம். அப்பா அந்தக் குறையை இன்னும் சொல்லிக்காட்டுகிறார். அவருக்கு அந்த இருபது நிமிஷத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகையால் அடுத்த தடவை மலையும் வேண்டாம், பள்ளத்தாக்கும் வேண்டாம். புளிச்சோறு கட்டிக்கொண்டு காலையிலேயே செயின்ட் ஜான் போய்விடுவோம், இருட்டும் வரை அந்தப் பாலத்தடியில் இருப்போம். ராக்கி மலைக்கு உன் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போ, அவர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும்.

அன்புடன்,
அம்மா