மறதிநோயாளர் பராமரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். ஓராண்டுச் செயல்பாட்டைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளன்று மருத்துவர் ஒருவர் பேசினார். பராமரிப்பவரின் சுமையை அளக்கும் சாரிட் வினாத்தாளை இருமுறை நிரப்பினோம். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். இரண்டாம் முறை மதிப்பெண் ஏறியவர்கள் முகம் வாடினார்கள். நோய் முற்றும்போது சுமையும் ஏறும். அது கவனிப்பவரின் தோல்வி அல்ல.

இனி 'மாற்று ஆள்' திட்டம்: பராமரிப்பவர் ஓய்வெடுக்க, அவருக்குப் பதில் இன்னொருவர் வந்து சில மணி நேரம் நோயாளியுடன் இருப்பது. முன்மொழிந்தவன் நான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். 'ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது. 'செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் நான் வந்து உட்காருகிறேன்' என்றால்தான் அது உதவி. அதனால் கிழமை, நேரம், பெயர் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தோம்.

நேரத்தை மாலையில் வைக்க வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். நோயாளிகள் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். அந்த வேளையில் புதுமுகம் ஆகாது. குழு மாலை என்றே முடிவெடுத்தது. இரண்டு மாதம் பட்ட பிறகு காலை 10 முதல் 1 வரை என்று மாறியது. குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது.

முறை இதுதான். மாற்று ஆளின் முதல் இரண்டு வருகையில் பராமரிப்பவர் கூடவே இருக்க வேண்டும். மூன்றாம் முறை அடுத்த அறையில். நான்காம் முறைதான் வெளியே. இந்தப் படிகளைப் பின்பற்றாத வீடுகளில் நோயாளி பராமரிப்பவரைத் தேடி வாசலுக்கு நடந்தார். அரை மணியில் வெளியே போனவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அப்படித் திரும்பியவர் மறுபடி ஆள் கேட்பதே இல்லை. மாற்று ஆள் பார்ப்பதற்காக, அலமாரிக் கதவின் உட்புறம் நோயாளியைப் பற்றி ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்: எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தக் காது கேட்கும், கழிவறை அவசரம் என்றால் என்ன செய்வார் (உடையைப் பிடித்து இழுப்பது போல), எதைப் பேசினால் அமைதியாவார், இறந்தவர்களில் யாரைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது, இரண்டு தொலைபேசி எண்கள். மருந்து கொடுப்பது மாற்று ஆளின் வேலை அல்ல.

கிடைத்த மூன்று மணி நேரத்தைப் பலர் துணி துவைத்தே தீர்த்தார்கள். முதல் ஒரு மணி நேரம் தூக்கம் அல்லது நடை, அதன்பிறகே வீட்டு வேலை என்று விதி போட்டோம். வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்ததற்காகக் குற்ற உணர்வோடு அழுதவர்களும் உண்டு. ஆள் கண்ணெதிரே இருக்கிறார், ஆனால் அந்த மனிதர் இல்லை. இந்தத் துக்கத்துக்கு விசாரிக்க வருவோர் கிடையாது, காரியம் செய்து முடிக்க நாளும் கிடையாது. பாலின் பாஸ் என்ற உளவியல் அறிஞர் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். 'பொறுமையாக இருங்கள்' என்ற அறிவுரையைவிட இந்தப் பெயர் கூட்டங்களில் அதிகம் ஆறுதல் தந்தது.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கேள்வி இருபதாவது முறை வரும்போது 'இப்போதுதானே சொன்னேன்' என்பதால் பயனில்லை. பதில் நினைவில் தங்காது, சொன்ன தொனியின் வலி தங்கிவிடும். தாங்க முடியாதபோது அடுப்பை அணைத்து, கத்தி கத்தரிக்கோலை ஒதுக்கி, வாசலைப் பூட்டிவிட்டு, அடுத்த அறையில் ஐந்து நிமிடம், இழுப்பதைவிட நீளமாக மூச்சை விட வேண்டும். கை ஓங்கிவிட்டாலோ, சாவு பற்றிய எண்ணம் வந்தாலோ மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓரிரு நாளில் நோயாளி திடீரென்று மோசமானால் 'என் கவனிப்பில்தான் குறை' என்று குமைய வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு, புது மாத்திரை, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கூட்டங்களுக்கு வருகை பற்றி. நோயாளியை விட்டு நகர முடியாதவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை; கூட்டச் சுருக்கம் குரல்பதிவாக அவர்களுக்குப் போகிறது. வருத்தமெல்லாம் குடும்ப உறுப்பினராகச் சேர்ந்த உடன்பிறந்தோர் மேல். இரவு விழிப்பவர் ஒருவர், தொலைபேசியில் யோசனை சொல்பவர் மூவர். அந்த மூவரின் சந்தாதான் நிலுவை. இரண்டு நினைவூட்டல் போயின. ஒருவர் 'அக்கா கட்டியிருப்பாள்' என்று பதில் எழுதினார்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம், சிறு இருப்பு உண்டு. சில ரசீதுகள் வர வேண்டியிருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

உரையாற்றிய மருத்துவருக்கும் இடம் தந்தவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் திட்டம் தொடருமா என்று கேட்கிறார்கள். மாற்று ஆள் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவர்களில் இருவர் தங்கள் வீட்டுக்கே இன்னும் ஆள் கிடைக்காதவர்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான பக்கங்களில் வெள்ளிக்கிழமை வரிசை முழுதும் காலி. பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டித்தான் வைத்திருக்கிறது.

செயலாளர்