கை மரத்துப் போகுதுன்னு சொன்னியே, அதப் பத்தி

பாப்பா,

நேத்து நீ ஃபோன் பண்ணப்போ பாதி உன் பேச்சு பாதி மெஷின் சத்தம், ஒண்ணும் சரியா காதுல விழல, அதான் உக்காந்து டைப் பண்றேன். மெதுவாத்தான் வரும். விரல் ஸ்கிரீன்ல பட்டுச்சா இல்லையான்னே சில நேரம் எனக்குத் தெரிய மாட்டேங்குது, அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நீ அனுப்புன வீடியோவ ஏழெட்டு தடவ பாத்துட்டேன். உண்மையச் சொன்னா அதுல காரை விட உன் கைதான் ஜாஸ்தி பாலிஷ் ஆகுது. கார் பாலிஷ் மெஷின் ரொம்ப ஆடுது, சரியில்ல, திருப்பிக் குடுக்கப் போறேன்னு சொன்னியே, கொஞ்சம் பொறு, மெஷின் மேல தப்பு இருக்குற மாதிரி எனக்குத் தெரியல. வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்தப்போ பெயின்ட்ட தேய்க்குற ஃபோம் பேட், அத ஒட்டுற பிளேட்டுக்கு வெளிய ஒரு பக்கம் ஒரு விரல் அகலம் நீட்டிக்கிட்டு இருக்கு, எதிர்ப்பக்கம் பிளேட்டே வெளிய தெரியுது. அவசரத்துல ஒட்டியிருக்க. வெல்க்ரோ எங்க வச்சாலும் புடிச்சுக்கும், நடுவுல வச்சியா ஓரத்துல வச்சியான்னு அது கேக்காது.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோ, பாதி குழப்பம் போயிடும். உன்னுது மாதிரி டிஏ மெஷின்ல, அதாவது டூயல் ஆக்ஷன், சுத்திக்கிட்டே ஆடவும் செய்யுற மெஷின்ல, பிளேட் மாட்டுற தண்டு மோட்டார் அச்சுக்கு நேரா இருக்காது, தள்ளி இருக்கும். உன்னுது 15 மில்லிமீட்டர் த்ரோ தானே, அப்போ பிளேட்டோட நடுப்பகுதி 15 மில்லி அகலத்துக்கு ஒரு சின்ன வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும், நீ வச்சிருக்குற ஸ்பீடுல நிமிஷத்துக்கு 4500 தடவன்னா செகண்டுக்கு 75 தடவ. அவ்ளோ வேகத்துல ஒரு எடைய ஓரமா வச்சு சுத்துனா கைய புடுங்கிட்டுப் போகும், அதனால எதிர்ப்பக்கத்துல ஒரு இரும்புத் துண்டு வச்சிருப்பாங்க, கவுண்டர்வெயிட். ரெண்டு கைலயும் குடம் தூக்கி நடக்குற மாதிரிதான், ரெண்டும் ஒரே எடையா இருந்தா நடை நேரா இருக்கும், ஒண்ணு ரொம்பி ஒண்ணு பாதியா இருந்தா இழுத்துக்கிட்டுப் போகும். அந்த இரும்போட எடைய முடிவு பண்றது அந்த மெஷினுக்குன்னு சொல்லியிருக்குற பிளேட், பேட் எடைய கணக்கு வச்சுதான். நீ 125 மில்லி பிளேட்ட கழட்டிட்டு 150 மாட்டி அது மேல அந்த தடியான பேட்ட வேற ஒட்டியிருக்க, பெரிய பேட்னா வேலை சீக்கிரம் முடியும்னு நெனச்சிருப்ப, எல்லாரும் மொதல்ல அதத்தான் நெனைக்கிறோம். சில மெஷின் பாக்ஸ்ல ரெண்டு கவுண்டர்வெயிட் வரும், 125க்கு ஒண்ணு 150க்கு ஒண்ணு. உன் பாக்ஸ்ல இருக்கான்னு பாரு, இல்லன்னா பழைய பிளேட்டுக்கே திரும்பிப் போயிடு.

அப்புறம் அந்த தடியான ஃபோம். டிஏ மெஷினுக்கு அது வேஸ்ட்டுன்னுதான் சொல்லுவேன். பிளேட் அங்கயும் இங்கயும் ஆடுது, ஃபோம் மேல்பக்கம் மட்டும் கூடவே ஆடுது, பெயின்ட்ட தொடுற அடிப்பக்கம் நின்ன இடத்துலயே நிக்குது, நடுவுல இருக்குற ஃபோம் எல்லாத்தையும் முழுங்கி சூடாகுது. மெல்லிசா, ஒரு 25 மில்லி கிட்ட இருக்குற பேட் போட்டுப் பாரு, அதே மெஷின்தானான்னு கேப்ப.

பேட்ட நடுவுல ஒட்டுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பிளக்க புடுங்கிட்டு மெஷின கவுத்து வச்சு, பேட் நடுவுல ஓட்டை இருந்தா அது வழியா ஸ்க்ரூ தலை நேரா தெரியுதான்னு பாரு. ஓட்டை இல்லன்னா பிளேட்ட கையாலயே மெதுவா சுத்தி விட்டு பக்கவாட்டுல இருந்து பாரு, ஓரம் எல்லா பக்கமும் ஒரே அளவா வந்துட்டுப் போகணும். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சரி பரவால்லன்னு விடாத, எடுத்துட்டு திரும்ப ஒட்டு. எடுக்கும்போது ஓரத்து ஃபோம புடிச்சு இழுக்காத, வெல்க்ரோ துணிக்கும் பிளேட்டுக்கும் நடுவுல விரல விட்டு எடு, இல்லன்னா ஃபோம் ஒட்டு விட்டு வந்துடும். பாதி ஒட்டு விட்ட பேட் ஆடுற ஆட்டம் இருக்கே, அது தனிக்கதை.

இன்னொண்ணு, மெஷின காத்துல தூக்கிப் புடிச்சு ஆன் பண்ணி ஆடுதா ஆடலயான்னு பாக்காத. கீழ அழுத்தம் இல்லாம ஓடுனா நல்ல மெஷின்கூட ஆடத்தான் செய்யும், பாலிஷ் வேற முகத்துல தெறிக்கும். பேட்ட பெயின்ட் மேல வச்சுட்டு கம்மி ஸ்பீடுல ஆன் பண்ணு, பாலிஷ பரப்பி விட்டு அப்புறம் ஏத்து.

வீடியோ கடைசில பம்பர் வளைவுகிட்ட வந்தப்போ சத்தம் மாறுச்சு பாரு, கவனிச்சியா? அது வேற. அங்க பேட் சுத்துறதையே நிறுத்திடுச்சு. இந்த டைப் மெஷின்ல பிளேட் சும்மா பேரிங்ல தொங்குது, நீ சாச்சாலோ ஜாஸ்தி அழுத்துனாலோ சுத்தாம நின்னுடும், வெறும் ஆட்டம் மட்டும் இருக்கும். கீறல் போகாது, மொத்த பவரும் உன் மணிக்கட்டுக்குத்தான் வரும். பிளேட் ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வை, கோடு சுத்துறது கண்ணுக்குத் தெரியணும், தெரியலன்னா அழுத்தத்த கொறை, பேட்ட தட்டையா வை. வளைவுக்கெல்லாம் 75 மில்லி சின்ன பேட், அதுக்குன்னு ஒரு சின்ன மெஷின் இருந்தா இன்னும் நல்லது.

பேட் டடடடன்னு துள்ளுச்சுன்னா காஞ்சு கெடக்குன்னு அர்த்தம், இல்ல பெயின்ட்ல அழுக்கு ஒட்டியிருக்கு, அந்த அழுக்க எடுக்குற களிமண் கட்டி, கிளே பார், அத போடாம ஆரம்பிச்சிருப்ப. புது பேட்டுக்கு மொதல்ல பெயின்ட்ட தொடுற பக்கம் பூரா லேசா பாலிஷ் தேச்சு விட்டு, அப்புறம் மூணு நாலு சொட்டு போதும். அதுக்காக ஊத்திக்கிட்டே போகாத, பாலிஷ் குடிச்சு ஊறிப்போன பேட்டும் ஆடும், ஃபோம் கொழகொழன்னு ஆகி எடை கூடிடும். ஒவ்வொரு செக்‌ஷன் முடிஞ்சதும் பிரஷ் போட்டு தேச்சு விடு, ரெண்டு மூணு பேட் மாத்தி மாத்தி யூஸ் பண்ணு. கழுவுன பேட்ட ஈரத்தோட மாட்டுனேன்னு சாதாரணமா சொல்ற, தண்ணி எல்லா பக்கமும் சமமாவா நிக்கும்? நல்லா புழிஞ்சு, துண்டுல அழுத்தி, ஃபோம் கீழ பாக்குற மாதிரி காய வை. ஒரு நாள் ஆகும், ஆகட்டும்.

இதெல்லாம் பண்ணியும் ஆடுனா, உள்ள இருந்து கரகரன்னு சத்தமும் வந்தா, அப்போ பிளேட் ஸ்க்ரூ லூஸா, வாஷர் விட்டுப் போச்சா, பேரிங் போச்சான்னு பாரு. அப்பவும் சரியாகலன்னா தாராளமா திருப்பிக் குடு.

சரி, விரல் கதைக்கு வரேன்.

நான் மொதல்ல வேலைக்குப் போன எடத்துல ஒரே ஒரு மெஷின், அதுக்கும் பொருந்தாத பிளேட், காலைல புடிச்சா சாயங்காலம் வரைக்கும். கை மரத்துப் போகுதுன்னு சொன்னா, தொழில்னா அப்படித்தான் இருக்கும்னு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ராத்திரி விரல் நுனில ஊசி குத்துற மாதிரி இருக்கும், காலைல போயிடும். அப்புறம் காலைலயும் போகல. இப்போ குளிர் வந்தா ரெண்டு விரல் நுனி வெள்ளையா வெளுத்துப் போகுது, சட்டை பட்டன் போட உங்க அம்மா வரணும். வயசாயிடுச்சுன்னு உன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், அது வயசு இல்லம்மா, அந்த மெஷினோட அதிர்வு.

ஐரோப்பால இதுக்கு 2002லயே சட்டம் போட்டாங்க. எட்டு மணி நேர வேலைக்கு சராசரியா 2.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் அதிர்வு வந்தாலே முதலாளி அத கொறைக்க ஏற்பாடு பண்ணணும், 5ஐ தாண்டவே கூடாது. இதுல ஒரு கணக்கு இருக்கு, எனக்கு யாரும் அன்னிக்கு சொல்லல. மெஷின் 5ல ஆடுனா ரெண்டு மணி நேரத்துலயே அந்த 2.5 அளவு வந்துடும், 10ல ஆடுனா அரை மணி நேரம்தான். ஆட்டம் ரெண்டு மடங்கு ஆனா நேரம் பாதி ஆகல, கால்வாசி ஆகுது. உன் மெஷின் புக்லெட்ல அதிர்வு அளவு போட்டிருக்கும், தேடிப் பாரு, அதுவும் சரியான பேட் போட்டு அளந்தது, கோணலா ஒட்டுன பேட்டுக்கு இல்ல.

கிளவுஸ் வாங்கப் போறேன்னு சொன்ன. வாங்கு, கை சூடா இருக்கும், அதுவும் நல்லதுதான். ஆனா அதிர்வு தடுக்கும்னு விக்கிறதெல்லாம் இந்த வேகத்துல பெருசா ஒண்ணும் தடுக்காது, ரொம்ப தடியா இருந்தா புடி இன்னும் இறுக்கமாத்தான் ஆகும். இறுக்கிப் புடிக்கிறதுதான் நீ பண்ற பெரிய தப்பு, வீடியோல விரல் முட்டி வெளுத்துத் தெரியுது. மெஷின் எடையே பாதி வேலைய பாத்துக்கும், வழி காட்டுற அளவுக்கு புடிச்சா போதும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி கைய உதறு, பேட் மாத்துறத அந்த நேரத்துக்கு வச்சுக்கோ. மரத்துப்போன கையால வேலை பாத்தா காருக்கும் ஆபத்துதான், பெயின்ட் மேல இருக்குற கண்ணாடி மாதிரி பூச்சு, கிளியர்கோட், சாதாரணமா 40, 50 மைக்ரான், ஒரு பேப்பர் தாளே அதவிட தடிமன், எட்ஜ்ல இன்னும் மெல்லிசு. எவ்ளோ அழுத்துறன்னு கைக்கே தெரியலன்னா அங்க தேஞ்சு போறது எப்படித் தெரியும்?

பழைய பிளேட், மெல்லிசு பேட், மார்க்கர் கோடு, இத மட்டும் மாத்திட்டு பானெட்ல ஒரே ஒரு எடத்துல ஓட்டி வீடியோ அனுப்பு, மேல பாட்டு கீட்டு போடாத, சத்தம் வேணும் எனக்கு.

நேத்து ஒண்ணு கேட்டேன், நீ பேச்ச மாத்திட்ட. ராத்திரி வர்ற மரமரப்பு காலைல எந்திரிக்கும்போது போயிடுதா, இல்ல அப்பவும் இருக்கா? இருந்துச்சுன்னா மெஷின ஓரமா வச்சுட்டு மொதல்ல டாக்டர்கிட்ட போ, என்ன வேலை பாக்குறன்னு சேத்து சொல்லு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. பொய் சொல்லாம எழுது.

அப்பா