சுகம் வரும்முன் ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சேகரத்துச் சபையாருக்கும், தெருக்காரர்களுக்கும், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டில் இருக்கும் எல்லாருக்கும், வெளியூரிலிருந்து போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஸ்தோத்திரம்.

வடக்குத் தெரு தையல்காரி எழுதுகிறேன். ஸ்தோத்திரப் பண்டிகையில் சாட்சி சொல்லச் சொல்லி எங்கள் சபைப் போதகர் ஐயர் கேட்டார்கள். மைக் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அதனால் இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்னி கெட்டுப்போன என் வீட்டுக்காரருக்கு இன்னும் சுகமாகவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியுமுன் எழுந்து பாளையங்கோட்டைக்குப் போகிறோம். நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுத்தமாகிறது, டயாலிசிஸ் என்பது அதுதான். சாயங்காலம் துவண்டுபோய் வீட்டுக்கு வருகிறார். அடுத்த நாள் கொஞ்சம் தெளிவு, அதற்கடுத்த நாள் மறுபடி பஸ். “சுகமான பிறகு சாட்சி சொல்லலாமே” என்று மைனி ஒருத்தி அன்பாகத்தான் சொன்னாள். சுகம் வருகிறபோது வரட்டும். அதுவரைக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைப் பாக்கி வைத்திருக்க எனக்கு மனசில்லை.

வியாதி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஏரல் பக்கத்திலிருந்து வாழைத்தார் லோடு அடித்துக்கொண்டிருந்த மனுஷன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ரத்தக் கொதிப்பு மட்டும் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கால் வீங்கி டாக்டரிடம் போனபோது இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். வண்டியை விற்றோம். வாழைத்தார் ஏற்றியவர் இப்போது ஒரு வாழைப்பழம் தின்ன முடியாது. அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி வெளியே தள்ளாவிட்டால் அது இருதயத்தைப் பிடித்துவிடும். இளநீர் கிடையாது, பதநீர் கிடையாது, கருவாடு, ஊறுகாய் எதுவும் கிடையாது. பனைமரத்தடியில் பிறந்து வளர்ந்தவருக்குப் பதநீர் கூடாதென்றால், அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன?

எல்லாவற்றிலும் கஷ்டம் தண்ணீர்தான், அதையும் கிட்னி வெளியே தள்ளாது. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். மாத்திரைக்கு, காப்பிக்கு, கஞ்சிக்கு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான். சித்திரை வெயிலில் பாட்டில் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். அப்புறம் ஒரு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நற்கருணையில் குடிக்கிற ஒரு மிடறையும் கணக்கில் சேர்க்கணுமா என்று ஐயரிடம் கேட்டாரே, ஐயர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “அது ஆண்டவர் கணக்கு, நீங்க விட்டிருங்க” என்றார்கள். இவர் விடவில்லை, சேர்த்துக்கொண்டார்.

எதிர் வீட்டு அக்காவுக்கு இங்கேதான் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் அம்மன் கோயில் கொடைக்குப் பெரிய சமையல் நடக்கும். நாங்கள் ஆலயத்துக்குப் போகிறவர்கள், படையல் சாப்பிட மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக எங்களை விட்டுவிடவில்லை. படைப்பதற்கு முன்பே ஒரு சின்னச் சட்டியில் தனியாக, காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டி, உப்பில்லாமல் ஒரு கூட்டு செய்து கொண்டுவந்தாள். அந்தப் பக்குவத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. என் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு என்ன சொல்ல! ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் போடுகிற வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருகிறது. அந்த அரிசியை விற்று மிஷன் ஊழியத்துக்கு அனுப்புவோம். வண்டியை விற்ற அந்த மழைக்காலம் முழுக்க, ஒரு வீட்டுக் கலயம் மாற்றி ஒரு வீட்டுக் கலயம் எங்கள் திண்ணைக்கு வந்தது. யார் வைத்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பச்சரிசியும் புழுங்கலரிசியும் ரேஷன் அரிசியும் கலந்த சோறு ஒரு மாதிரியாகத்தான் வேகும். எங்கள் பிள்ளைகள் அதைத் தின்றுதான் பரீட்சை எழுதினார்கள்.

இ-சேவை மையத்துத் தம்பிக்கும் நன்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று அப்போது சான்று கேட்டார்கள். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் போய் நின்றேன். என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் அவனே கூட வந்தான். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு நாங்கள் பணம் கட்டுவதில்லை. பஸ் செலவு, வெளியில் வாங்கும் சில மாத்திரைகள், என் தையல் கூலி போன நாட்கள், இவைதான் எங்கள் சுமை. இதையே தாங்க முடியாமல் பாதியில் வருவதை நிறுத்தியவர்களை அந்த வார்டில் பார்த்திருக்கிறேன்.

வார்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதாமல் முடியாது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இவருடைய இடது கையில் ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மேலே விரலை வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றால் ஆபத்து. அதனால் தினமும் படுக்கப் போகுமுன் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் காலேஜ் படிக்கிற பையன் ஒருவனைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் உதறல் எடுத்து, வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டான். இவர் தன் கையை நீட்டி, “தம்பி, இதைத் தொட்டுப் பாரு” என்றார். பையன் தொட்டான். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. “உனக்கும் இப்படி வரும், பயப்படாதே, நான் பக்கத்துக் கட்டில்தான்” என்றார். வேதம் ஒன்றும் படிக்கவில்லை, ஜெபம் கூடப் பண்ணவில்லை. வண்டி போன நாளிலிருந்து ‘நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்’ என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனுஷன் இவர்தான். அந்தக் காலையில் கர்த்தர் எனக்கு ஜெயத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டினார் என்று சொல்வேன். வார்டு சிஸ்டர்களும் டெக்னீசியன் தம்பிமாரும் இப்போது புதிதாக யார் வந்தாலும் இவர் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் செய்த வைத்தியத்திலேயே பெரிய வைத்தியம் அது.

சரி, மனசில் உள்ள ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்த இடத்தில் ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, “மிஷினை நம்புகிறவரைக்கும் அற்புதம் நடக்காது, நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள்” என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. இவர் மெதுவாக, “ஐயா, நீங்க கண்ணாடியைக் கழற்றிட்டு அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசிங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் பேசுகிறார்களா? சுகமாகாதது விசுவாசக் குறைவினால் இல்லை என்பதற்கு நம் பக்கத்தில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயேதான் இருந்தார். படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பவுல் அப்போஸ்தலன் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். எடுக்கவில்லை.

அந்தப் பவுலைப் பற்றித்தான் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து ரொம்ப யோசித்தேன். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்பது எங்கள் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது. அந்த நிருபத்தை முழுசாக வாசித்தபோதுதான் பார்த்தேன், அது காவலில் கட்டுண்டு கிடந்த ஒரு மனுஷன் எழுதின நன்றிக் கடிதம். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி கொடுத்துவிட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவரும் சாகிற அளவுக்கு வியாதிப்பட்டிருக்கிறார். பெலனுண்டு என்று எழுதின கையோடு அடுத்த வரியிலேயே, என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தீர்களே, நல்லது என்கிறார். பெலன் கர்த்தரிடமிருந்து வந்தது, வந்து சேர்ந்தது ஒரு ஆளின் கையில். எங்களுக்கும் அப்படித்தான். தலைமாட்டில் தூதன் வந்து நிற்கவில்லை. டிராக்டரோடு பலசரக்குக் கடை பாய் வந்து நின்றார்.

அந்த டிராக்டர் கதையை வெளியூரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து ஆராதனைக்குப் போய் வந்ததிலிருந்து மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன, ரோடும் தண்டவாளமும் அரித்துக்கொண்டு போயின. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஜனங்களோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றது அப்போதுதான். எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். கரண்டு இல்லை, டவர் இல்லை.

இவருக்கு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் ஆகியிருந்தது. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே பெரியது, அதிலேயே மூச்சு கொஞ்சம் கனக்கும். திங்கள் போக வழியில்லை. ஆலயம் மேட்டில் இருப்பதால் ஊரே அங்கே வந்துவிட்டது. ஆலயத்து அசன விருந்துக்கு எடுக்கும் அண்டாக்களை இறக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். தொண்டை நனைய மட்டும் இவர் தண்ணீர் குடித்தார். செவ்வாய்க்கிழமை ராத்திரி படுக்கவே முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. பெஞ்சில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் வாலிபர் சங்கத்துப் பையன்கள் முறை போட்டு மாறி மாறி உட்கார்ந்து சாய்மானம் கொடுத்தார்கள். நான் ஜெபிக்கவில்லை. வார்த்தை வரவில்லை. ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியார் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கும் சேர்த்து ஜெபித்தாள்.

புதன் விடிந்ததும் பலசரக்குக் கடை பாய் டிராக்டரோடு வந்தார். அவர் கடையில் சீனி மூட்டையும் மாவு மூட்டையும் கரைந்துகொண்டிருந்தன, அதை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஆற்றுப் பக்கம் போகவே முடியாது என்று சாத்தான்குளம் ரோட்டைப் பிடித்து, அங்கிருந்து அவருடைய மச்சான் காரில் மூலைக்கரைப்பட்டி வழியாகப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டே ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மிஷின் போட்ட சிஸ்டர் வீட்டிலும் வெள்ளம். நனைந்த செருப்போடு டூட்டிக்கு வந்திருந்தார். பாயிடம் டீசல் காசைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் கோபித்துக்கொள்கிறார். எனவே இங்கே எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும்.

அந்த வெள்ளத்தில் எல்லாரும் எங்களைப் போலக் கரை சேரவில்லை. வார்டிலும் அப்படித்தான். எங்களோடு பஸ்ஸில் வந்து, எனக்குச் சீட் பிடித்து வைத்து, தன் பேத்தி கதையெல்லாம் சொன்ன ஆச்சி போன கோடையில் போய்விட்டார்கள். அவர்களுக்காகவும்தான் ஜெபித்தோம். ஏன் இவருக்கு ஒரு விதம், ஆச்சிக்கு ஒரு விதம் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆச்சியின் மகன் மட்டும் இப்போதும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்கிறான். அவனுக்கும் என் நன்றி.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் நான் கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து வந்தால்தான் உண்டு. ‘சீக்கிரம் கிடைக்கணும் ஆண்டவரே’ என்று நீங்கள் ஜெபிக்கும்போது நான் ஆமென் சொல்லத் தயங்குவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அது கிடைக்க வேண்டுமென்றால் எங்கோ ஒரு வீட்டில் இழவு விழ வேண்டும். அதை எப்படிக் கேட்பது? அதனால் நான் இப்போது, நேரம் வருகிறபோது அந்த வீட்டாருக்கு ஆறுதலும் துணிச்சலும் கொடும் என்று மட்டும் ஜெபிக்கிறேன். நீங்களும் அப்படியே ஜெபித்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

கடைசியாகக் கணக்கு. துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் இவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் அனுப்பிய பணம், மகளின் காலேஜ் பீஸ் போக மீதி இருக்கிறது. இனி அனுப்ப வேண்டாம். என் தையலும், மகளுக்குக் கிடைத்திருக்கும் வேலையும் போதும். மீதியை அந்தக் காலேஜ் பையனின் பஸ் செலவுக்குக் கொடுக்கலாம் என்று இவர் சொல்கிறார். உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்வோம், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பை ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று லோடு வண்டி ஓட்டும் தம்பிமாருக்கும் சொல்லச் சொன்னார்.

அசனத்தன்று இவருக்கு டயாலிசிஸ் இல்லை, வந்துவிடுவோம். பந்தியில் கடைசி இலை போதும். சோறும் ஒரு கரண்டி ரசமும் மட்டும் வையுங்கள், சாம்பாரை ஊற்றிவிடாதீர்கள். கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
வடக்குத் தெரு தையல்காரியும் குடும்பமும்